கோடியக்கரையில் ஒரு சைபீரிய வசந்தம்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் போகிறார்கள். மழை ஓய்ந்து சதுப்பில் தண்ணீர் தளும்பும், வெயில் உறைக்காது, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அந்தக் காட்சியில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், பவளக்காலி என்று சேற்றோரத்தில் ஓடித் திரியும் கரைப்பறவைகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பங்குனியின் பின்பாதியில் போகவேண்டும் என்பேன். குளிர்காலம் முழுவதும் அவை எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரியும். புறப்படப் போகும் பறவையின் உடம்போ நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும். நிறம் மாறும், எடை மாறும், குடலும் இரைப்பையும்கூட மாறும். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் பார்த்தால் அந்த மாற்றத்தின் பல அடையாளங்களைக் கண்ணாலேயே கண்டுவிடலாம்.

நம் நாட்காட்டியில் அது கோடையின் வாசல். பறவைக்கு அதுதான் வசந்தம். இங்கிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர் வடக்கே, ரஷ்யாவின் வட கோடியில் உள்ள டைமிர் தீபகற்பத்தில் அப்போது எல்லாம் உறைந்து கிடக்கும். அங்கே பனி உருகி நிலம் தெரிய ஜூன் மாதம் ஆகிவிடும். உருகிய இரண்டே மாதத்தில் மறுபடியும் குளிர் இறங்கிவிடும். கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வளர்ப்பதெல்லாம் அந்தச் சிறிய இடைவெளிக்குள் முடியவேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தயாராகிக்கொள்ள நேரம் கிடையாது. அதனால் அந்த வசந்தத்துக்கான ஏற்பாட்டில் பெரும்பகுதி வேதாரண்யம் சதுப்பின் சேற்றில் நடக்கிறது.

வேதாரண்யத்துக்குத் தெற்கே நிலம் ஒரு முனையாகக் குறுகி, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் இடத்தில் முடிகிறது. முனையில் உலர் பசுமைமாறாக் காடு. அதற்கு மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் பெரிய சதுப்பு. இடையிடையே உப்பளங்கள். வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் இது சரணாலயமானது. 2002இல் சதுப்பையும் சேர்த்து ராம்சார் தலமாக அறிவித்தார்கள். இங்கே கடலின் ஏற்றவற்றம் மிகக் குறைவு, ஒரு மீட்டருக்கும் உள்ளேதான். சதுப்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்த தண்ணீர் மாசியில் வற்றத் தொடங்கி, பங்குனியில் பரந்த இடங்களில் விரற்கடை ஆழத்துக்கு வந்துவிடும். சின்னக் கால்கள் கொண்ட பறவைகளுக்கு அப்போதுதான் பந்தி விரிகிறது.

விடிந்ததும் சதுப்பின் விளிம்பில் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றால் பறவை விலகும், உட்கார்ந்தால் அரைமணியில் நம்மை மறந்துவிடும். கிழக்கே வெளிச்சம் வந்ததும் முதலில் தெரிவது ஆழத்தின் வரிசை. தண்ணீர் இல்லாத ஈரச்சேற்றில் உப்புக்கொத்திகள். தண்ணீர் பாதத்தை நனைக்கும் இடத்தில் கொசு உள்ளான்கள். ஓரிரு அங்குல ஆழத்தில் வளைமூக்கு உள்ளான்கள். அதற்கும் அப்பால் பவளக்காலி, பச்சைக்காலி. தொடை நனைய நிற்பவை மூக்கன்கள். யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. காலின் நீளமும் அலகின் நீளமும் அவரவர் இடத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. தண்ணீர் நாலு அங்குலம் உயர்ந்தால் கொசு உள்ளானுக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை. சதுப்பில் நீர்மட்டத்தைச் சற்று மாற்றுவதுகூட எவ்வளவு பெரிய தலையீடு என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும்.

வளைமூக்கு உள்ளானைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மைனாவைவிடச் சிறியது, கறுத்த நீண்ட அலகு நுனியில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். தை மாதத்தில் மேலே சாம்பல், கீழே வெள்ளை, அவ்வளவுதான். பங்குனிக் கடைசியில் அதே பறவையின் மார்பில் செங்கல் நிறத்தில் ஒன்றிரண்டு இறகுகள் முளைக்கும். முதலில் அழுக்குப் பட்டதுபோலத் திட்டுத்திட்டாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முகம், கழுத்து, வயிறு எல்லாம் செம்மண்ணில் முக்கி எடுத்த நிறமாகிவிடும். ஒரே கூட்டத்தில் முழுச் சாம்பலும், பாதிச் சிவப்பும், முழுச் சிவப்புமாக நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே மணல்நிற உப்புக்கொத்திகள் மார்பில் செம்பழுப்புப் பட்டையும் கண்ணுக்குக் குறுக்கே கறுப்பு முகமூடியும் எடுத்துக்கொண்டிருக்கும். கடலோரத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். குளிர்காலம் முழுவதும் காதுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு திரிந்தவை, இப்போதுதான் பெயருக்கேற்ற பழுப்புத் தலையோடு நிற்கின்றன. இந்தக் கடற்காகமும் உப்புக்கொத்தியும் கூடு கட்டுவது லடாக், திபெத் போன்ற உயர்ந்த பீடபூமிகளில். அவற்றுக்கு 3,000 கிலோமீட்டருக்குள் பயணம் முடிந்துவிடும். வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும்தான் ஆர்க்டிக் வரை போகிறவை.

வளைமூக்கு உள்ளான் சேற்றைக் குத்தும் வேகத்தைக் கண்ணால் எண்ண முடியாது. தஞ்சைப் பக்கத்து நடவுப் பெண்களின் கைபோல, குனிந்த நிலை மாறாமல், ஒரே சீராக, நகர்ந்துகொண்டே குத்துகிறது. கண்ணால் பார்த்துக் குத்துவதில்லை, தொட்டுத் தேடுகிறது. அலகின் நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் கொத்துக் கொத்தாக அமைந்திருக்கின்றன. சேற்றுப்புழு நெளிந்தால் அலகுக்குத் தெரிந்துவிடும். நாட் எனப்படும் இன்னோர் உள்ளான் வகையை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். ஈரமணலில் அலகைச் செருகும்போது மணலிடையே உள்ள தண்ணீரில் ஓர் அழுத்த அலை பரவுகிறது. புதைந்திருக்கும் சிப்பி அந்த அலையின் வடிவத்தைக் குலைக்கிறது. அந்தக் குலைவை வைத்தே, சிப்பி அலகில் படாமலேயே, அது அருகில் இருப்பதைப் பறவை அறிந்துகொள்கிறது. சிப்பிக்குப் பதில் கல்லைப் புதைத்தபோதும் கண்டுபிடித்தது. காய்ந்த மணலில் அதற்கு இந்த வித்தை பலிக்கவில்லை.

இரையைக் கண்டதும் அலகை முழுதாகத் திறக்க முடியாது, சுற்றிலும் சேறு இறுக்கிக்கொண்டிருக்கும். அதனால் மேலலகின் நுனி மட்டும் தனியாக மேல்நோக்கி வளையும்படி மண்டையோட்டின் எலும்புகள் அமைந்திருக்கின்றன. அடிப்பகுதி மூடியிருக்க நுனி மட்டும் திறந்து புழுவைப் பிடித்துக்கொள்ளும். உள்ளான் கொட்டாவி விடுவதுபோல அலகை நீட்டும்போது இந்த வளைவு டெலஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் ஓடும் உப்புக்கொத்தியின் வழி வேறு. குட்டை அலகு, பெரிய கண். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், மறுபடி ஓடும்.

இப்போது ஒரு கேள்வி. டைமிரில் பனி உருகும் காலம் நெருங்குகிறது என்று கோடியக்கரையில் நிற்கும் பறவைக்கு யார் சொல்கிறார்கள்?

பகலின் நீளம் என்பது பழைய விடை. கனடாவின் எட்மண்டனில் வில்லியம் ரோவன் என்ற ஆய்வாளர் 1920களில் சிறு பறவைகளைக் கடுங்குளிரில் வெளிக்கூண்டுகளில் வைத்து, மாலையில் மின்விளக்கு போட்டு, நாளுக்குச் சில நிமிடங்கள் வீதம் பகலை நீட்டிக்கொண்டே போனார். நடுக்குளிர்காலத்தில், உறைபனியின் நடுவே, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகால அளவுக்கு வளர்ந்தன. வெயிலின் சூடு பறவைக்குத் தேவைப்படவில்லை, வெளிச்சத்தின் நேரமே போதுமானதாக இருந்தது. அந்த வெளிச்சத்தைக் கண் மட்டும் வாங்குவதில்லை என்பதும் பின்னால் தெரியவந்தது. பறவையின் மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் போகும் ஒளியை அங்கேயே உள்ள செல்கள் உணர்கின்றன.

ஆனால் எட்மண்டனில் பகல் நீள்வதுபோலக் கோடியக்கரையில் நீள்வதில்லை. பத்து டிகிரி அட்சரேகையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நிலநடுக்கோட்டைத் தாண்டித் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் வளைமூக்கு உள்ளான்களின் நிலைமை இன்னும் விசித்திரம். அவை புறப்படும் காலத்தில் அங்கே பகல் குறைந்துகொண்டு வரும். வெளிச்சத்தை மட்டும் நம்பினால் அவை ஒருநாளும் கிளம்ப முடியாது.

விடையின் மறுபாதியை ஜெர்மனியின் எபர்ஹார்ட் குவின்னர் தந்தார். வலசை போகும் சிறு பறவைகளை அவர் அறைக்குள் வைத்து, பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு என்று மாறாத நிலையில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். வெளியே வசந்தமா கார்காலமா என்று அவற்றுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் அந்தப் பறவைகள் காலம் தவறாமல் இறகு உதிர்த்தன, கொழுத்தன, வலசைக்காலம் வந்ததும் இரவெல்லாம் கூண்டில் படபடத்தன. அந்தச் சுழற்சி சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் முடியாமல், பெரும்பாலும் பத்து மாதம் போல அமைந்தது. இந்தச் சிறு பிசகுதான் ஆதாரம். வெளியிலிருந்து ஏதாவது குறிப்பு கிடைத்திருந்தால் சுழற்சி சரியாக ஓராண்டுக்குப் பொருந்தியிருக்கும். ஆக, பறவையின் உள்ளேயே ஓர் ஆண்டுக்கடிகாரம் ஓடுகிறது. அதை அவ்வப்போது சரிப்படுத்திக்கொள்ள வெளியுலகின் வெளிச்சம் உதவுகிறது. கோடியக்கரையில் செங்கல் நிற இறகு முளைப்பது அந்தக் கடிகாரத்தின் முள் நகர்வதுதான். எனக்கு இதைவிட நெருக்கமாக நம்மால் காணமுடிகிற காலத்தின் அடையாளம் வேறு தெரியவில்லை.

நிறம் மாறுவது நமக்குக் கண்ணில் படும். அதைவிடப் பெரிய வேலை தோலுக்கடியில் நடக்கிறது. வளைமூக்கு உள்ளானின் எடை சாதாரணமாக 50 முதல் 60 கிராம். புறப்படும் நேரத்தில் 80 கிராமைத் தொடுவதும் உண்டு. கூடியதில் பெரும்பகுதி கொழுப்பு. எதற்காகக் கொழுப்பு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் சுமார் 9 கிலோ கலோரி. மாவுச்சத்தோ புரதமோ எரிந்தால் 4 மட்டுமே. அதோடு மாவுச்சத்தும் புரதமும் உடம்பில் தண்ணீரோடு கலந்துதான் தங்கும், கொழுப்பு ஏறக்குறைய உலர்வாகவே தங்கும். தண்ணீரின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் அதே பாரத்துக்குக் கொழுப்பு எட்டு மடங்குக்கு மேல் சக்தி தருகிறது. எரியும் ஒவ்வொரு கிராம் கொழுப்பும் ஏறத்தாழ அதே எடைக்குத் தண்ணீரையும் உண்டாக்குகிறது. நடுவில் இறங்கிக் குடிக்க வழியில்லாத பயணிக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு கிடையாது.

கொழுத்த பறவையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் வளையமிடும் ஆய்வாளர்கள். பறவையை மல்லாக்கப் பிடித்து, கழுத்தடியில் இறகுகளை வாயால் ஊதி விலக்குவார்கள். கவை எலும்புகளுக்கு நடுவே உள்ள குழியில் தோல் கண்ணாடிபோல மெல்லியதாக இருக்கும். தை மாதத்தில் அந்தக் குழி சிவந்த தசையாகத் தெரியும். பங்குனி கடந்ததும் அதே குழி வெண்ணெய் நிறத்தில் நிரம்பி மேடிட்டிருக்கும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டு, எடை எடுத்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள்.

இந்தியாவில் இந்த வேலையை முன்னின்று நடத்தியது 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பெரிய அளவில் அது தொடங்கியதற்குக் காரணம் ஒரு நோய். கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் க்யாசனூர் காட்டில் 1957இல் ஒரு புதிய காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதன் வைரஸ், ரஷ்யாவில் வசந்தத்திலும் கோடையிலும் உண்ணிகள் மூலம் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவாக இருந்தது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் ஆதரவு தர, பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் 1959இல் வலசை ஆய்வுத் திட்டம் தொடங்கியது. கோடியக்கரை அதன் முக்கியமான களங்களில் ஒன்றானது. 1980களில் கழகம் அங்கே தொடர்ந்து தங்கி ஆய்வு நடத்தியது. பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தவர்களின் கைத்திறனை அந்த ஆய்வு பயன்படுத்திக்கொண்டது. பறவைக்குக் காயமில்லாமல் பிடிப்பது எப்படி என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. ஒரு கிராமுக்கும் குறைவான அலுமினிய வளையம். அதில் ஓர் எண், திருப்பித் தெரிவிக்க ஒரு முகவரி. கோடியக்கரைச் சேற்றில் திரியும் பறவை ஆர்க்டிக் வரை போகிறது என்று நாம் உறுதியோடு பேச முடிவது அதுபோன்ற வளையங்களின் உபயத்தால்தான்.

கொழுப்பு ஏற்றுவது பாதிக் கதை. மீதிப் பாதி உறுப்புகளைத் திருத்தி அமைப்பது. அலாஸ்காவில் 1987 அக்டோபரில் நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்ட பட்டைவால் மூக்கன்கள் சில ஒரு ராடார் கூண்டில் மோதி இறந்தன. அவற்றின் உடம்பை ஆராய்ந்தபோது எடையில் 55 சதவீதம் கொழுப்பாக இருந்தது. அதைவிட ஆச்சரியம், இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாம் மிகச் சிறுத்திருந்தன. பல நாள் சாப்பிடாமல் பறக்கப் போகும் பறவைக்குச் செரிமான உறுப்புகள் வெறும் பாரம். கொழுக்கும்வரை அவற்றைப் பெரிதாக வைத்திருந்து, கிளம்பும் நேரத்தில் சுருக்கிவிடுகிறது. அதே வேளையில் மார்புத் தசையும் இதயமும் வளர்கின்றன. பறக்கும்போது உடம்பு மேலும் கரைகிறது. வடமேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து சீனா வரை 5,400 கிலோமீட்டர் பறந்த பெரிய நாட் உள்ளான்களைப் புறப்படும் முன்பும் இறங்கிய பின்பும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளையும் நுரையீரலும் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் குறைந்திருந்தன. உடம்பையே உருக்கி எரித்துக்கொண்டு பறக்கிறது என்பதில் மிகை ஏதுமில்லை. இப்படிப்பட்ட பறத்தலின் எல்லை எது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2007இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,680 கிலோமீட்டர் இறங்காமல் பறந்தது அன்றைக்கு உலகச் சாதனை. 2022இல், பிறந்து சில மாதங்களே ஆன இன்னொன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து அதை வெகுவாகத் தாண்டிவிட்டது.

பத்து மணிக்கு மேல் சதுப்பில் கானல் ஆடத் தொடங்கும். தொலைவில் உள்ளதெல்லாம் நெளியும், டெலஸ்கோப் பயன்படாது. ஆனால் அருகில் நிற்கும் பறவைகளைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். கொழுத்த பறவைக்கு வெயில் ஒரு வேதனை. தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை, உள்ளே ஓயாத செரிமானத்தின் சூடு. வடமேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபக் விரிகுடாவில் பெரிய நாட் உள்ளான்களை ஆராய்ந்தவர்கள், புறப்படும் காலம் நெருங்க நெருங்க அவை முதுகு இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, அலகைத் திறந்து மூச்சிரைத்து நிற்பது கூடுவதைக் குறித்தார்கள். இங்கேயும் பங்குனி உச்சிவெயிலில் முதுகு சிலிர்த்து நிற்கும் உள்ளான்களைப் பார்க்கலாம். கால்களைத் தண்ணீரில் வைத்தபடி, காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து நிற்கும்.

அந்த நேரத்தில் உப்பளத்துப் பக்கம் போவது நல்லது. 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுத்த மண் இது. கடல்நீரை முதலில் ஏற்றும் பெரிய பாத்திகளில் உப்பு அவ்வளவு ஏறியிருக்காது. புழுவும் பூச்சிப் புழுக்களும் சிறு இறால் வகைகளும் அங்கே பெருகும், உள்ளான்கள் மொய்க்கும். தண்ணீர் அடுத்தடுத்த பாத்திகளுக்குப் போகப் போக உப்பு ஏறும், உயிர்கள் குறையும். கடைசியில் உப்பு விளையும் பாத்தி இளஞ்சிவப்பாக மின்னும். பார்க்க அழகுதான், பறவைக்கு அங்கே ஒன்றும் இல்லை. வரப்பில் நிற்கும் கடற்காகத்தைக் கவனித்தால் அலகு நுனியில் ஒரு துளி தொங்குவதும், அது தலையைச் சிலுப்பி உதறுவதும் தெரியும். கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பிகள் இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாக வெளியேற்றுகின்றன. 1950களின் பிற்பகுதியில் க்னுட் ஷ்மிட்-நீல்சன் கடற்பறவைகளில் இதைக் கண்டுபிடிக்கும்வரை, கடற்பறவை கடல்நீரைக் குடித்து எப்படி உயிர்வாழ்கிறது என்பது புதிராகவே இருந்தது. கரைப்பறவைகளுக்கும் இந்தச் சுரப்பி உண்டு. உவர் கூடக்கூட அது பெரிதாகி அதிக வேலை செய்யும். அந்த வேலைக்கும் சக்தி செலவாகும். கொழுப்பாகச் சேரவேண்டிய சக்தியில் ஒரு பங்கு உப்பைக் கழிப்பதற்கே போய்விடும்.

மாலையில் காற்று மாறும். மாசிவரை வாடை அடித்த கடற்கரையில் பங்குனியில் சோழகம் என்னும் தெற்கத்திக் காற்று எடுக்கும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் உள்ளான்கள் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். "சோழகம் எடுத்துட்டா இதுவ நிக்காது தம்பி" என்றார். ஆய்வுக் கட்டுரைகள் சொல்வதும் அதுவே. பின்காற்று கிடைக்கும் நாளுக்குக் கரைப்பறவைகள் காத்திருக்கின்றன. பெரும்பாலும் பொழுது சாய்வதற்குச் சற்று முன்னோ, சாய்ந்த பின்னோ கிளம்புகின்றன. இரவில் காற்று குளிர்ந்திருக்கும், உடம்பிலிருந்து தண்ணீர் ஆவியாவது குறையும். வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் தொல்லையும் குறைவு. விண்மீன்களும் கைகொடுக்கும். சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் மூன்றையும் பறவைகள் திசைகாட்டியாகப் பயன்படுத்துகின்றன.

புறப்படும் கூட்டத்தைத் தனியாக அடையாளம் காண முடியும். நாய்க்கோ பருந்துக்கோ பயந்து எழும் கூட்டம் சுருண்டு திரும்பி அதே இடத்தில் இறங்கும். கிளம்பும் கூட்டம் எழுவதற்கு முன்பே சலசலக்கும், குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், குளித்து இறகு கோதும். எழுந்தால் நேராக மேலே ஏறும். சிலது மனம் மாறிக் கீழே இறங்கிவிடும். மற்றவை ஏறிக்கொண்டே போய் ஒரு கோடாக நீண்டு வடக்கே திரும்பும். சித்திரை பாதிக்குள் பெரும்பாலானவை இப்படிப் போய்விடுகின்றன.

போகும் வழியில் இறங்கி மறுபடி கொழுக்க இடம் வேண்டும். மத்திய ஆசிய வலசைப்பாதையில் கஜகஸ்தானின் தெங்கிஸ்–கோர்கல்ஜின் ஏரிகள் அப்படிப்பட்டவை. இடையில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த பாதையில் உலகம் பார்த்துவிட்டது. தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பி 2006இல் கடலிலிருந்து அடைத்தார்கள். அங்கே பல்லாயிரக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்த பெரிய நாட் உள்ளான்கள் அதன்பின் வேறெங்கோ இடம் மாறிவிடவில்லை, எண்ணிக்கையிலிருந்தே மறைந்தன. பல வருடம் கழித்து, அந்தக் கழிமுகம் இருந்த மஞ்சள்கடலின் சில சேற்றுப்பரப்புகளைச் சீனா 2019இலும் கொரியா 2021இலும் உலகப் பாரம்பரியத் தலங்களாக்கியது ஆறுதல்.

இங்கே சேர்த்த கொழுப்பு டைமிரில் முட்டையாக மாறுகிறது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். உண்மை அப்படியில்லை. கொசு உள்ளான் இடும் நான்கு முட்டைகளின் எடை தாயின் எடைக்கு அருகில் வரும். அத்தனைக்கும் வேண்டிய பொருளைத் தென்னாட்டிலிருந்து சுமந்து போக முடியாது. குஞ்சுகளின் மென்தூவியில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு, ஆர்க்டிக் கரைப்பறவைகளின் முட்டைகள் தூந்திரத்தில் தின்ற இரையிலிருந்தே உருவாகின்றன என்று காட்டியது. அப்படியானால் நம் சேற்றின் பங்கு என்ன? பறவை போய் இறங்கும்போது அங்கே இன்னும் பனி கிடக்கும், பூச்சி இருக்காது. சுருங்கிய குடலையும் இரைப்பையையும் மறுபடி வளர்க்க வேண்டும், குளிர் தாங்க வேண்டும். அந்த நாட்களைக் கடத்தி விடுவது உடம்பில் மீந்திருக்கும் சேமிப்பு. மெலிந்து போய்ச் சேரும் பறவை தாமதமாகக் கூடு கட்டும், அல்லது அந்த வருடம் கட்டாமலே விட்டுவிடும்.

வடக்கின் கேடு தெற்கில் வந்து தெரிவதும் உண்டு. டைமிரில் கூடு கட்டி மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியக் கரையில் குளிர்காலம் கழிக்கும் நாட் உள்ளான்களைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. டைமிரில் பனி உருகுவது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு அரைநாள் வீதம் முந்திக்கொண்டே வந்திருக்கிறது. பூச்சிகள் பெருகும் உச்சம் முந்திவிட, குஞ்சுகள் அதைத் தவறவிட்டுச் சிறுத்து வளர்கின்றன. அலகும் குட்டையாகிறது. மொரிட்டானியாவில் சிப்பிகள் ஆழத்தில் புதைந்திருக்கின்றன, குட்டை அலகு எட்டுவதில்லை. அப்படிப்பட்ட பறவைகள் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிதாகிறது. குஞ்சு பசியறிந்தது ஆர்க்டிக்கில், சாவது வெப்பமண்டலத்தில்.

வளைமூக்கு உள்ளானை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் அழியக்கூடிய நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கோடியக்கரையில் கரைப்பறவைகள் 1980களில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டதைப் பம்பாய்க் கழகத்தின் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். காவிரியின் கிளையாறுகள் வழியாகச் சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்ததும், உப்பளங்கள் விரிந்ததும், உவர் ஏறியதும் அவர்கள் சுட்டும் காரணங்களில் முக்கியமானவை. மேட்டூரில் தேங்கும் தண்ணீருக்கும் டைமிரில் பொரியும் முட்டைக்கும் தொடர்பு இருக்கிறது என்றால் கேட்பவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஒரு பங்குனிப் பகல் அந்தச் சேற்றோரம் உட்கார்ந்தால் நம்புவார்கள். அங்கே போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை எழுப்பாதீர்கள். பறந்து எழுவதுதான் பறவையின் செலவுகளிலேயே பெரியது. அந்தப் பருவத்தில் ஒவ்வொரு எழும்பலும் சேர்த்து வைத்ததிலிருந்து எடுத்துச் செலவழிப்பது.

எல்லாப் பறவைகளும் போய்விடுவதில்லை. முந்தைய ஆண்டு பிறந்தவற்றில் பல, சிவப்பு எடுக்காமல், கொழுக்காமல், சாம்பல் நிறத்திலேயே அக்கினி நட்சத்திர வெயிலிலும் இங்கே தங்கிவிடும். முதல் வருடத்தில் அவற்றுக்கு வடக்கே வேலை இல்லை. ஆடி முடிவதற்குள் பெரிய பறவைகள் திரும்பத் தொடங்கும். முதலில் வருபவை ஆண்கள். வளைமூக்கு உள்ளானில் அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் பெண்ணின் பொறுப்பு, ஆண் ஜூலை தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். தேய்ந்த செங்கல் நிறம் இன்னும் மார்பில் ஒட்டியிருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் வருபவை அந்த வருடத்துக் குஞ்சுகள். முதுகு இறகுகளுக்கு வெளிறிய விளிம்பு இருப்பதால் மீன்செதில் அடுக்கியதுபோலத் தெரியும், மார்பில் லேசான மஞ்சள்பழுப்பு. நூறு பறவையில் இப்படிப்பட்டவை எத்தனை என்று எண்ணிக் குறித்துவைக்கலாம். டைமிரில் லெம்மிங் எனப்படும் எலிகள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும். பெருகும் ஆண்டில் நரிகளுக்கு எலி போதும், உள்ளானின் கூடுகள் தப்பிவிடும். எலி குறையும் ஆண்டில் நரிகள் முட்டைக்கும் குஞ்சுக்கும் திரும்பும். ஐப்பசியில் கோடியக்கரையில் செதில் முதுகு நிறையத் தென்பட்டால், அந்தக் கோடையில் சைபீரியாவில் லெம்மிங்குகள் ஏராளமாக இருந்திருக்கும் என்று கணிக்கலாம்.